முச்சந்தியில் கிடப்பது யாருடையது? – வாசகர் கேள்வி பதில்

திருஷ்டி, கழிப்பு, தாயத்து, மாந்திரீகம் பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்து வந்தவையே அதிகம். பழைய வட ஆற்காடு என்று சொன்னால் இன்னும் பொருந்தும். ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கே: குழந்தைக்குத் திருஷ்டி சுற்றிப் போடும்போது மிளகாய் நெடி வராவிட்டால் "பாரு, அத்தனையும் கண்ணு" என்கிறார் என் மாமியார். நெடி வந்தால் திருஷ்டி இல்லை என்று அர்த்தமா? முறையாக எப்படிச் சுற்றுவது?
– ஓர் இளம் தாய், ஆம்பூர்

ப: ஒரு கைப்பிடி கல் உப்பு, காம்பு கிள்ளாத காய்ந்த மிளகாய் 3 அல்லது 5, ஒரு சிட்டிகை கடுகு, முச்சந்தியில் எடுத்த கொஞ்சம் மண், வாசல் பெருக்கும் துடைப்பத்திலிருந்து ஒரு குச்சி. இவ்வளவுதான் சாமான். ஞாயிறு, செவ்வாய் அல்லது அமாவாசை, விளக்கு வைக்கும் நேரம். குழந்தையைக் கிழக்குப் பார்த்து உட்கார வைத்து, வீட்டில் மூத்தவர் வலப்பக்கமாக 3, இடப்பக்கமாக 3 சுற்றுவார். "ஊர்க்கண்ணு, உறவுக்கண்ணு, நல்ல கண்ணு, நொள்ளக் கண்ணு" என்று அவரவர் வீட்டு வாய்ப்பாடு. தலையிலிருந்து கால் வரை இறக்கி, குழந்தையை மூன்று முறை துப்பச் சொல்லி, நெருப்பில் போடுவது. போட்டவர் கை கால் கழுவாமல் உள்ளே வரமாட்டார்.

நெடி விஷயத்துக்கு வருவோம். மிளகாயின் காரச் சத்து ஆவியாகிக் காற்றில் கலந்தால்தான் இருமல் வரும். சாம்பல் பூத்த தணலில் மிளகாய் மெதுவாகக் கருகும், காரம் எரியாமல் புகையோடு எழும்பும், தெருவே இருமும். கொழுந்துவிட்டு எரியும் கொட்டாங்குச்சி நெருப்பில் போட்டால் காரமும் சேர்ந்து எரிந்துவிடும், நெடி குறையும். மேலே உப்பு மூடிக்கொண்டாலும் குறையும். ஆக, நெடி சொல்வது நெருப்பின் நிலையை. ஒரே மிளகாயை இரண்டாகப் பிரித்து ஒரு பங்கைத் தணலிலும் ஒரு பங்கைத் தீயிலும் போட்டுப் பாருங்கள். குழந்தை பக்கத்தில் வேண்டாம்.

உப்பு படபடவென்று வெடிப்பதைக் கண் வெடிப்பதாகச் சொல்வார்கள். கல் உப்பின் படிகத்துக்குள் துளி நீர் சிக்கியிருக்கும். சூட்டில் அது ஆவியாகிப் படிகத்தை உடைக்கிறது. தூள் உப்பைப் போட்டால் எந்தக் கண்ணும் வெடிக்காது!

இரண்டு எச்சரிக்கை. கேஸ் அடுப்பில் கரண்டியை வைத்து மிளகாயைக் கருக்குகிறார்கள். ஜன்னல் சாத்திய சமையலறையில் அது குழந்தைக்கு மூச்சுத் திணறலையே தரும். இளைப்பு உள்ள குழந்தை என்றால் ஆஸ்பத்திரிதான். சுற்றுவது வீட்டுக்குள் இருக்கட்டும், நெருப்பு வாசலில் இருக்கட்டும், குழந்தை உள்ளேயே இருக்கட்டும். இரண்டாவது, குழந்தை விடாமல் அழுதால் முதலில் காது, வயிறு, காய்ச்சல் மூன்றையும் பாருங்கள். திருஷ்டி ராத்திரி வரை காத்திருக்கும், காய்ச்சல் காத்திருக்காது.

கே: ஆரத்தி கரைத்தால் சிவப்பு வராமல் ஆரஞ்சு நிறத்திலேயே நிற்கிறது. கல்யாண வீட்டில் மானம் போகிறது.
– ஆர். கே., ஆற்காடு

ப: சுண்ணாம்பு பழசு. திறந்து கிடந்த சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துச் சாரமில்லாத வெறும் சுண்ணாம்புக்கல் மாவாகிவிடும். அதை எவ்வளவு போட்டாலும் மஞ்சள் சிவக்காது. ஒரு டம்ளர் தண்ணீருக்கு அரை டீஸ்பூன் மஞ்சள் தூள், பட்டாணி அளவில் பாதி ஈரச் சுண்ணாம்பு. முதலில் மஞ்சளைக் கட்டியில்லாமல் கரைத்துக்கொண்டு, பிறகு சுண்ணாம்பைத் தனியாக ஒரு கரண்டித் தண்ணீரில் குழைத்து ஊற்றிக் கலக்குங்கள். தட்டில் எலுமிச்சைச் சாறு பட்டிருந்தால் நிறம் மறுபடி மஞ்சளுக்கே போய்விடும். எலுமிச்சை அறுத்த கத்தி, தட்டு எதுவும் கிட்டே வரக்கூடாது.

சுண்ணாம்புப் பொட்டலத்தைக் குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். அழுத்தினால் பீய்ச்சிக் கண்ணில் அடித்துப் பார்வையே போன குழந்தைகள் உண்டு. பட்டுவிட்டால் அந்த நிமிடமே குழாய்த் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவிவிட்டுக் கண் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். எண்ணெய், தாய்ப்பால் எதுவும் விடக்கூடாது.

கே: எங்கள் வீடு முச்சந்தியில் இருக்கிறது. அமாவாசை விடிந்தால் கேட் ஓரம் அறுத்த எலுமிச்சை, குங்குமம் தடவிய பூசணி, முட்டை, ஒரு முறை மாவுப் பொம்மைகூட. யாரோ எங்களுக்குச் செய்கிறார்கள் என்று என் மனைவி சாப்பிடுவதையே குறைத்துவிட்டார்.
– ஓய்வுபெற்ற ஊழியர், ராணிப்பேட்டை

ப: உங்கள் மனைவியிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். அங்கே கிடப்பவை உங்களுக்கு அனுப்பியவை இல்லை. வேறொருவர் தன் வீட்டிலிருந்து கழித்துப் போட்டவை.

கழிப்பு எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் பயம் பாதி போகும். பாதிக்கப்பட்டதாக நினைப்பவரை முச்சந்தியிலோ சுடுகாட்டு வழியிலோ நிறுத்துவார்கள். பச்சரிசி மாவில் ஒரு பாவை பிசைந்து அவருக்குப் பதிலாக வைப்பார்கள். வெள்ளை, மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று நிறம் சேர்த்த சோற்றுருண்டைகளால் சுற்றுவார்கள். எலுமிச்சையை அறுத்துக் காலடியில் நசுக்கச் சொல்வார்கள், பூசணியை வெட்டுவார்கள், முட்டையைச் சுற்றி உடைப்பார்கள், வசதியிருந்தால் ஒரு கோழி. கடைசியில் அவர் எல்லாவற்றையும் தாண்டி, திரும்பிப் பார்க்காமல் நடந்து, கால் கழுவி வீட்டுக்குள் போவார். அத்தனை சாமானும் அங்கேயே விடப்படும். விட்டுவிட்டு வருவதுதான் அந்தச் சடங்கின் உயிரே. மூன்று வழி கூடும் இடத்தில் போட்டால் எந்த வழியில் திரும்புவது என்று அதற்குத் தெரியாது என்பது நம்பிக்கை. அந்த மூன்று வழியில் உங்கள் கேட் இருப்பது மனை பிரித்துப் போட்டவர் செய்த காரியம்.

ஏவல், அதாவது ஒருவர்மேல் கெடுதலை ஏவிவிடுவது, செய்கிறவர்களின் சொந்தக் கணக்குப்படி பார்த்தாலும் இது ஏவல் ஆகாது. அதற்குக் காலடி மண், தலைமுடி, உடுத்திய துணி என்று குறிப்பிட்ட ஆளின் பொருள் வேண்டும். அதை ஆள் மிதிக்கும் இடத்தில் மறைத்துப் புதைக்க வேண்டும் என்பார்கள். பட்டப்பகலில் எல்லோரும் பார்க்கும்படி கிடக்கும் பூசணி அந்த வகையே இல்லை.

செய்ய வேண்டியது இவ்வளவு: கையுறை அல்லது பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டி, முறத்தில் அள்ளி, ஆணி, ஊசி, கண்ணாடிச் சில்லைத் தனியாக எடுத்து, மீதியைக் குப்பை வண்டியில் போடுங்கள். நாய், கோழி தின்பதற்கு முன் எடுத்துவிட்டால் நல்லது. அந்த இடத்தில் மஞ்சள் தண்ணீர் தெளித்தால் மனைவிக்கு நிம்மதி என்றால் தெளியுங்கள், அதற்குச் செலவில்லை. சாப்பாட்டைக் குறைப்பது ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். பயம் ஒரு காரணம்தான், சர்க்கரையும் தைராய்டும் வேறு காரணங்கள்.

பூசணி உடைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆயுத பூஜை ராத்திரி நடுரோட்டில் உடைத்த பூசணியில் வழுக்கி விழும் இருசக்கர வண்டிகள் கொஞ்சமல்ல. உடைத்த கையோடு ஓரத்தில் தள்ளிவிட்டுப் போங்கள்.

கே: புது லாரிக்கு டயருக்கு ஒன்றாக எலுமிச்சை வைக்கிறோம். 10 டயருக்கும் வைக்கணுமா?
– ஒரு டிரைவர், வாலாஜா

ப: முன் டயர் இரண்டுக்கும் வைத்தால் போதும் என்பதே பெரும்பாலானோர் வழக்கம். மீதி எட்டுக்கும் காற்று பாருங்கள்.

கே: வாசலில் ஆகாச கருடன் கிழங்கு கட்டினோம். தண்ணீர் இல்லாமலே துளிர்த்தது, இப்போது வாடிவிட்டது. கட்டிக் கொடுத்தவர், "வந்த சூனியத்தைக் கிழங்கு வாங்கிக்கொண்டது, வேறு ஒன்று வாங்குங்கள்" என்கிறார்.
– எம். எஸ்., குடியாத்தம்

ப: கிழங்கு என்பதே மழையில்லாத மாதங்களுக்குச் செடி சேர்த்துவைத்த தண்ணீரும் மாவுச்சத்தும். தலைகீழாகக் கறுப்புக் கயிற்றில் கட்டினாலும் அந்தச் சேமிப்பை வைத்துத் துளிர்விடும். சேமிப்பு தீர்ந்தால் வாடும். நம் ஊர் சித்திரை வெயிலில் மேற்குப் பார்த்த வாசல் என்றால் சீக்கிரமே. தலைகீழாகத் தொங்கும் கற்றாழையும் இதே கதைதான்; அது இன்னும் தாக்குப்பிடிக்கும், ஏனென்றால் இலைத் துளைகளைப் பகலில் மூடி வைத்து ராத்திரியில்தான் திறக்கும். கறுப்புத் துணியில் கட்டிய படிகாரம் மழைக்காலத்தில் கசிந்து சிறுத்துப் போவது, அது தண்ணீரில் கரையும் உப்பு என்பதால்.

கட்டுவது தப்பில்லை. பெரிய கிழங்காக, கீறல் இல்லாமல், தோல் சுருங்காததாக வாங்குங்கள்; வெயில் நேரே படாத இடத்தில் கட்டுங்கள். வாடினால் மண்ணில் புதைத்துத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், உயிர் மிச்சமிருந்தால் கொடியாகப் படரும். சூனியத்தை வாங்கிக்கொண்டது என்று அடுத்த கிழங்கை விற்பது வியாபாரம். பாம்பு வராது என்று அதை நம்பி வாசல் விளக்கை அணைத்துவிடாதீர்கள்.

கே: இணையத்தில் "விட்ச்கிராப்ட்" என்று தேடினால் எல்லாம் "விக்கா" என்றே வருகிறது. இரண்டும் ஒன்றா? விக்காவுக்கு முன்னால் அங்கே இருந்தது என்ன? நம் ஊர் மாந்திரீகத்தோடு ஒப்பிட முடியுமா?
– ஒரு மாணவர், காட்பாடி

ப: நல்ல கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்லலாம்.

விக்கா 20ஆம் நூற்றாண்டு மதம். இங்கிலாந்தில் ஜெரால்டு கார்ட்னர் என்பவர் 1954இல் எழுதிய நூலோடு வெளியுலகுக்குத் தெரிய வந்தது. தேவன், தேவி என்று இருவர். ஆண்டில் 8 பண்டிகை. மூன்று படிநிலைத் தீட்சை. யாருக்கும் தீங்கு செய்யாதே, செய்தால் மும்மடங்காகத் திரும்பும் என்ற விதி. சட்ட நிலவரமும் அப்போதுதான் மாறியிருந்தது. 1735இல் இயற்றிய சூனியச் சட்டம் 1951இல்தான் நீக்கப்பட்டது. அந்த 1735 சட்டம் சூனியக்காரிகளைத் தூக்கில் போடும் சட்டம் இல்லை. அதற்கு முந்தையவைதான் அப்படி. மந்திர சக்தி இருப்பதாக ஏமாற்றுகிறவரைத் தண்டிப்பது இது. 1944இல்கூட ஹெலன் டங்கன் என்ற ஆவி அழைக்கும் பெண்மணி இதன்கீழ் சிறைக்குப் போனார்.

விக்காவுக்கு முன்னால் அங்கே கிராமத்துக்குக் கிராமம் மந்திரிப்பவர்கள் இருந்தார்கள். திருட்டுப் போன பொருளுக்குக் குறி சொல்வது, மாட்டுக்கு வந்த கெடுதலை எடுப்பது, சீட்டெழுதிக் கட்டுவது, காதலுக்கு வழி சொல்வது அவர்கள் வேலை. ஞாயிறு சர்ச்சுக்குப் போவார்கள். மந்திரத்திலும் பைபிள் வசனமே வரும். கார்ன்வால் பக்கத்தில் அவர்களைப் பெல்லர் என்பார்கள். அவர்கள் கைவேலைக்கு மண்ணில் கிடைத்த சாட்சிகள் இருக்கின்றன. அவற்றில் முக்கியமானது சூனியப் புட்டி. தாடிக்கார முகம் பதித்த பீங்கான் ஜாடியில் பாதிக்கப்பட்டவரின் சிறுநீரை ஊற்றி, வளைத்த குண்டூசி, இரும்பாணி, முடி, வெட்டிய நகம் போட்டு, அடைப்பானை இறுக்கி, அடுப்படியிலோ வாசற்படியிலோ தலைகீழாகப் புதைப்பார்கள். 2004இல் லண்டன் கிரீனிச் பகுதியில் 17ஆம் நூற்றாண்டுப் புட்டி ஒன்று அடைப்புக் கலையாமல் கிடைத்தது. உள்ளே சிறுநீர், இரும்பாணிகள், பித்தளைக் குண்டூசிகள், முடி, நகத் துண்டுகள், கந்தகம், ஆணி குத்திய இதய வடிவத் தோல் துண்டு. இதன் கணக்கு: சூனியம் செய்தவளுக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் ஒரு பிணைப்பு உண்டாகிவிட்டது, அந்தப் பிணைப்பு வழியாகவே வலியைத் திருப்பி அனுப்பலாம். புதைப்பதற்குப் பதில் நெருப்பில் வைத்தும் சுடுவார்கள். அப்போது அடைப்பான் தெறித்தால் செய்தவள் தப்பித்தாள் என்று பொருள். மூடிய ஜாடியைச் சுட்டால் ஆவி எங்கே போகும்? பலமுறை தெறித்திருக்கும்.

இன்னும் எளியவையும் உண்டு. ரோவன் மரக் குச்சி இரண்டைச் சிவப்பு நூலால் சிலுவையாகக் கட்டி மாட்டுக் கொட்டகை வாசலில் மாட்டுவது. இயற்கையாக ஓட்டை விழுந்த கல்லைக் குதிரை லாயத்தில் தொங்கவிடுவது. போட்டுப் பழகிய செருப்பைச் சுவருக்குள் வைத்துப் பூசிவிடுவது.

இன்று மரபுவழிச் சூனியம் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் குழுக்கள் இந்தக் கிராமத்து மிச்சங்களைத்தான் பிடித்துக்கொள்கின்றன. ராபர்ட் காக்ரேன் என்ற புனைபெயரில் இயங்கி 1966இல் இறந்தவர் இதற்குப் பெரிய தூண்டுதல். இவர்களிடம் எல்லோருக்கும் பொதுவான வேதம் இல்லை. மும்மடங்கு விதி இல்லை. தேவைப்பட்டால் சாபமும் கொடுக்கலாம் என்பார்கள். பண்டிகைத் தெய்வங்களைவிட அந்த மண்ணின் ஆவி, முன்னோர், துணை ஆவி ஆகியவற்றோடுதான் உறவு. கவை விட்ட கோல் ஒன்றை ஸ்டாங் என்று நட்டு, அதுவே பலிபீடம். அதைச் சுற்றி, முகம் நடுவைப் பார்த்திருக்க, ஒரே சீராக மெல்ல நடந்துகொண்டே இருப்பது செக்கு மாடு சுற்றுவது மாதிரியான ஒரு முறை. தலை கிறுகிறுத்து நினைவு மாறும்வரை நடப்பார்கள். நடு நடுவே நின்று பேசினால் பலிக்காது, வேகமாக ஓடினால் மயக்கம்தான் வரும். தங்கள் குழு நூற்றாண்டுகளாக அறுபடாமல் வருகிறது என்று சிலர் சொல்வதற்கு ஆதாரம் கிடையாது; இப்போதுள்ள வடிவம் பெரும்பாலும் 1960கள் முதல் வந்தது. கையில் எடுத்த பொருள்கள்தான் பழசு.

ஒப்பீடு கேட்டீர்கள். ஆணி, முடி, நகம், வாசற்படி என்று பொருள்கள் ஒத்துப்போகின்றன. ஆனால் போக்கு வேறு. சூனியப் புட்டி கெடுதலை வீட்டடியில் பூட்டி வைத்துத் திருப்பி அடிக்கிறது. நம் கழிப்போ எடுத்து, முச்சந்தியில் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுகிறது. யார் செய்தார் என்று தேடாமலே முடித்துக்கொள்ள நம் முறையில் இடம் இருக்கிறது. அதைவிட்டு ஆள் தேடக் கிளம்புவது நம் பெரியவர்கள் முறைக்கு எதிரானது என்பது எங்கள் கருத்து.

கே: வந்த சாமியார் எலுமிச்சையை அறுத்தார், ரத்தமாக வந்தது. தேங்காய் தானே பற்றி எரிந்தது. தோட்டத்தில் தோண்டித் தகடும் எடுத்துக் காட்டினார். 45,000 ரூபாய் கேட்கிறார்.
– பெயர் வேண்டாம், பேரணாம்பட்டு

ப: கொடுக்காதீர்கள். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எலுமிச்சை: செம்பருத்திப் பூவைக் கத்தியில் நன்றாகத் தேய்த்துக் காயவைத்தால் கத்தியில் ஒன்றும் தெரியாது. புளிப்புச் சாறு பட்டவுடன் சிவப்பாக ஒழுகும். ரசாயனத்தில் செய்கிறவர்களும் உண்டு. அது இன்னும் அடர்த்தியாக ரத்தம்போலவே வரும். உங்கள் எலுமிச்சை, நீங்கள் சோப்புப் போட்டுக் கழுவிய உங்கள் வீட்டுக் கத்தி என்று கொடுத்து அறுக்கச் சொல்லுங்கள்.

தேங்காய்: குடுமி நாருக்குள் பெர்மாங்கனேட் தூளைச் செருகி, மேலே நெய் என்று கிளிசரினை விடுவார்கள். சில விநாடி புகையும், பிறகு பற்றும். அந்த இடைவெளியில்தான் மந்திரம் ஓடும். தீர்த்தம் தெளித்துப் பற்றவைத்தால் உள்ளே சோடியத் துண்டு. குடுமியைப் பிய்த்த தேங்காயைக் கொடுங்கள், ஒன்றும் நடக்காது.

தகடு: இதுதான் வீட்டுக்காரரைச் சாய்ப்பது. செப்புத் தகடு ஈர மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் கருத்து, பச்சை பூத்திருக்கும். பளபளவென்று வந்தால் அது அன்று வந்தது. அதில் சுற்றிய பருத்தி நூல் மண்ணில் சில மாதங்களில் மக்கிவிடும்; நூல் இழுத்தால் அறாமல் இருக்கிறதா பாருங்கள். தோண்டிய இடத்தில் மண் ஏற்கெனவே இளகியிருந்ததா, புல் வேர் அறுந்திருந்ததா என்றும் பாருங்கள். கடைசிப் பிடி மண்ணை எப்போதும் அவரே அள்ளுவார், தகடு அவர் உள்ளங்கையில் இருக்கும். நானே தோண்டுகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், இன்று நாள் சரியில்லை என்பார்.

முச்சந்திக் கழிப்புக்குச் சாமான் செலவு சில நூறு ரூபாய்தான். முதல் நாளே பெரிய தொகை, வீட்டாருக்குச் சொல்லாதே, 11 நாளில் ஒருவர் சாவார் என்ற மூன்றில் ஒன்று வந்தாலும் வெளியே அனுப்புங்கள். பணம் கொடுத்திருந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 318ஆவது பிரிவின்கீழ் ஏமாற்றுப் புகார் தரலாம். பேசியதை, பணம் அனுப்பிய விவரத்தை அழிக்காமல் வையுங்கள். நோயைத் தாயத்து தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டு மாயத் தீர்வுகள் விளம்பரச் சட்டம் தடுக்கிறது.

கே: உள்ளங்கையில் பச்சிலைச் சாறு விட்டார்கள், ஜெல்லிபோல உறைந்தது. "வயிற்றில் இடுமருந்து இருக்கிறது, எடுக்க வேண்டும்" என்றார்கள். எடுக்கலாமா?
– ஒரு வாசகி, வாணியம்பாடி

ப: இடுமருந்து என்பது யாரோ சாப்பாட்டில் கலந்து கொடுத்ததாகச் சொல்லும் மருந்து. உங்கள் கையில் விட்ட சாறு பெரும்பாலும் கட்டுக்கொடி இலை. அதைக் கசக்கிப் பிழிந்த சாறு யார் கையில் விட்டாலும், ஏன், எவர்சில்வர் கிண்ணத்தில் விட்டாலும் சில நிமிடத்தில் உறையும். கூடவே ஒரு கிண்ணத்தில் விடச் சொல்லியிருந்தால் கிண்ணத்துக்கும் யாரோ மருந்து வைத்ததாகத் தெரிந்திருக்கும்.

எடுப்பது என்பது வெறும் வயிற்றில் உப்புத் தண்ணீரோ சாறோ செம்பு செம்பாகக் குடிக்க வைத்து வாந்தி எடுக்கச் செய்வது. உறைந்த சாறும் கோழையும் சேர்ந்து கட்டியாக வரும்; அதுதான் மருந்து என்று காட்டுவார்கள். அளவுக்கு மீறிய உப்புத் தண்ணீர் ரத்தத்தில் உப்பை ஏற்றி வலிப்பு, உயிர்ச்சேதம் வரை கொண்டுபோகும். உங்களுக்குப் பசியின்மை, எடைக் குறைவு, நெஞ்செரிச்சல் என்று எழுதியிருக்கிறீர்கள். குடல் புண், காசநோய், சர்க்கரை மூன்றுக்கும் இதே அடையாளம் உண்டு. அரசு ஆஸ்பத்திரியில் சளியும் ரத்தமும் பார்த்துவிடுங்கள்.

கே: இடுப்பில் அக்கி. குயவர் வீட்டில் எழுதிக்கொள்ளச் சொல்கிறார்கள். சுற்றி வந்து தலையும் வாலும் சேர்ந்தால் ஆபத்தாமே?
– வி. ஜி., திருப்பத்தூர்

ப: சேராது. சின்னம்மை வந்து போனவர் உடம்பில் ஒரு நரம்பு முடிச்சில் ஒளிந்திருந்த கிருமி, பிறகு அந்த நரம்பு ஓடும் தடத்தில் மட்டும் கிளம்புவது அக்கி. தடம் உடம்பின் நடுக்கோட்டோடு நின்றுவிடும். அதனால்தான் ஒரு பக்கமாகவே வருகிறது.

காவிக்கல்லை நீர்விட்டு உரசி, கொப்புளத்தைச் சுற்றிப் பூசி, சிலர் சிங்க உருவமும் வரைந்து, பெரும்பாலும் மூன்று நாள் எழுதுவார்கள். குளிர்ச்சியாக இருக்கும், கொப்புளம் காயும். எழுதியே தீர வேண்டும் என்றால் உடையாத தோலில் மட்டும், கொதித்து ஆறிய நீரில், புதுக் குச்சியால் எழுதச் சொல்லுங்கள். உடைந்த கொப்புளத்தில் மண் பட்டால் சீழ் பிடிக்கும். ஆனால் மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. கிருமியை அடக்கும் மாத்திரை கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். தாமதித்தால் கொப்புளம் ஆறியும் எரிச்சல் மாதக்கணக்கில் நிற்கலாம். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ வந்தால் அன்றே கண் டாக்டர்.

கே: தம்பிக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று சோளிங்கரில் தங்க வைத்திருக்கிறோம். மாத்திரையை நிறுத்தினால்தான் ஆஞ்சநேயர் பார்ப்பார் என்கிறார் உடன் தங்கியிருப்பவர்.
– ஓர் அக்கா, அரக்கோணம்

ப: அது கோயில் விதி அல்ல, உடன் தங்கியிருப்பவர் விதி. தக்கான்குளத்தில் குளித்துச் சின்ன மலை ஏறி யோக ஆஞ்சநேயரைப் பார்ப்பது பல தலைமுறை வழக்கம். குடும்பமே கூட இருந்து, வேளைக்குச் சோறு கொடுத்து, 406 படி நடக்க வைப்பதில் நன்மையும் உண்டு. மாத்திரை பாதியில் நின்றால் நோய் திரும்பும், பழையதைவிடக் கடுமையாக. இரண்டும் சேர்ந்தே நடக்கட்டும். கட்டி வைப்பதோ சங்கிலி போடுவதோ 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி குற்றம். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று மனநோயாளிகளைத் தங்க வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்தபோது 28 பேர் இறந்ததற்குச் சங்கிலிதான் காரணம். வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது. 14416க்கு அழைத்தால் இலவசமாகத் தமிழிலேயே ஆலோசனை கிடைக்கும்.

கே: பாலாற்றங்கரை மயானக் கொள்ளையில் அள்ளிய கொழுக்கட்டை, சுண்டலைச் சாப்பிடலாமா, நிலத்தில் போடவா?
– ஏ. பி., விருதம்பட்டு

ப: மயானக் கொள்ளை என்பது மயானத்தில் நடக்கும் அம்மன் விழா. மாசி அமாவாசையில் அங்கே அள்ளியதை விளைச்சலுக்கென்று நிலத்தில் தூவுவது வழக்கம். மண்ணில் விழுந்த சுண்டலுக்கு அதுதான் சரியான இடம். கையில் வாங்கிய பழம் என்றால் கழுவிச் சாப்பிடுங்கள்.

கே: பாம்புக்கடிக்கு மந்திரிப்பவர் எங்கள் ஊரில் பத்துப் பேரில் ஏழு பேரைப் பிழைக்க வைக்கிறாரே?
– டி. என்., அணைக்கட்டு

ப: கடித்த பாம்பு எல்லாம் நஞ்சுள்ளது இல்லை, நஞ்சுள்ளதும் சில சமயம் நஞ்சை இறக்காமல் கடிக்கும். அந்த ஏழு பேர் இவர்கள். மீதி மூவருக்கு நஞ்சுமுறிவு மருந்து வேண்டும். கடிபட்ட இடத்தைக் கீறாமல், இறுகக் கட்டாமல், கால் அசையாதபடி மட்டை வைத்து, மோதிரம் கொலுசு கழற்றி, 108. அவர் ஆம்புலன்ஸில் உட்கார்ந்து மந்திரிக்கட்டும்.

கே: எதிர்வீட்டு விதவைப் பெரியம்மாதான் செய்வினை வைத்ததாகக் குறிகாரர் அடையாளம் சொன்னார். என்ன செய்யலாம்?
– பெயர் இல்லை, ஆரணி

ப: "பக்கத்தில், வயசான, தனியாக இருக்கிற பொம்பளை" என்ற அடையாளம் எந்தத் தெருவுக்கும் பொருந்தும். பெரியம்மாவிடம் ஒன்றும் செய்ய வேண்டாம். குறிகாரரிடம் இனிப் போக வேண்டாம். தெருவில் பெரியம்மாவைப் பேர் சொல்லித் திட்டினால் வழக்கு உங்கள்மேல்தான் வரும்.

கே: கல்யாணத்துக்கு முன் பூவாடைக்காரி பூசை என்கிறார்கள். பம்பைக்காரரிடம் என்னென்ன கேட்டு வைக்க வேண்டும்?
– மணமகள் வீட்டார், போளூர்

ப: வீட்டில் பூவும் பொட்டுமாக இறந்த பெண்ணை, கல்யாணத்துக்கு அழைத்து ஆசி வாங்கும் பூசை. சூனியத்தோடு இதைச் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள், சம்பந்தமில்லை. கிணற்றடி அல்லது ஏரிக்கரையில் பம்பை, உடுக்கை, சிலம்போடு வர்ணிப்புப் பாடி அழைப்பார்கள். வீட்டில் ஒருவர்மேல் இறங்கி வருவார். கரகத்தில் நீர் மொண்டு வீட்டுக்குக் கொண்டுவந்து படையல் போடுவார்கள்.

மஞ்சள், குங்குமம், வளையல், பூ, புதுப் புடவை, ரவிக்கைத் துணி, புதுக் குடம், வேப்பிலை, தேங்காய், எலுமிச்சை, கற்பூரம் உங்கள் பொறுப்பு. படையலில் அவருக்குப் பிடித்தது என்ன என்று வீட்டுப் பெரியவர்களிடம் முதலிலேயே கேளுங்கள். இதில்தான் சண்டை வரும். பம்பைக்காரரிடம் எத்தனை பேர் வருவார்கள், எத்தனை மணிக்குத் தொடங்கும், கரை வரை வண்டி யாருடையது, கூலி தட்சிணையோடு சேர்த்தா தனியா என்று பேசி முடியுங்கள். இறந்தவர் பேர், உறவுமுறை, ஊர் ஆகியவற்றை எழுதிக் கொடுத்தால் வர்ணிப்பு சரியாக அமையும். அருள் வந்தவரைக் கரையோரம் தனியாக விடாதீர்கள். இரண்டு பேர் தண்ணீருக்கும் அவருக்கும் நடுவில் நிற்க வேண்டும். நாக்கில் கற்பூரம் ஏற்றுவது வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடலாம்.

கே: குழந்தையின் தொப்புள்கொடியைத் தாயத்தில் அடைத்துக் கட்டியிருக்கிறோம். பிற்காலத்தில் நோய்க்கு மருந்தாகுமாமே? பழைய தாயத்தை என்ன செய்வது?
– எஸ். எம்., மேல்விஷாரம்

ப: காய்ந்த கொடியில் உயிருள்ள அணு எதுவும் மிச்சமிருக்காது, மருந்தாகாது. நினைவுக்காக வைத்துக்கொள்ளலாம். கழுத்தில் கட்டாதீர்கள், தொட்டிலில் சிக்கி இறுகும். இடுப்பில் அரைஞாணோடு, இரண்டு விரல் நுழையும் தளர்வில் கட்டுங்கள். ஈயத் தகடு, ஈயப் பற்றுவைப்பு வேண்டாம். குழந்தை வாயில் வைத்துச் சப்பும், ஈயம் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். மூடி இறுகியிருக்கிறதா என்று வாரம் ஒரு முறை திருகிப் பாருங்கள். பழையதைக் கிணற்றிலோ ஆற்றிலோ போடாமல், உள்ளே உள்ள சீட்டை எடுத்து, மிதிபடாத இடத்தில் மரத்தடியில் புதைத்துவிடுங்கள். வெள்ளித் தாயத்தாக இருந்தால் கூட்டைக் கழுவி நகைக்கடையில் எடைக்குப் போடலாம்.